இழுத்தலும் இழுத்தல் நிமித்தமும்: பெட்ரோல் புல்வெட்டியின் ஐந்திணை ஒழுக்கம்

ஒரு முனையில் என்ஜினும் மறுமுனையில் சுழலும் பிளேடோ நைலான் நரம்போ கொண்டு, தோள்வாரில் தொங்கவிட்டு இயக்கப்படும் நீண்ட குழாயே பெட்ரோல் புல்வெட்டி எனப்படும். தென்னந்தோப்பிலும் ரப்பர் தோட்டத்திலும் வரப்பிலும் அது நாள்தோறும் உறுமினும், அதன் ஒழுக்கத்தை இலக்கணமாக வகுக்கும் கடமையைப் புலவர் உலகம் தட்டிக்கழித்தே வந்துள்ளது. பெட்டியோடு வரும் கையேடு அதனைக் கூறுமே எனின், கூறும். ஆயினும் வாங்கிய அன்றே தொலையும் இயல்பினதாகலின், அது மறைந்துபோன நூல்களின் வரிசையில் வைத்து எண்ணப்படும்.

அகப்பொருள் மரபைப் பின்பற்றின், இவ்வியந்திரத்துக்கு முதற்பொருள் தோட்டமாகிய நிலமும், மழை ஓய்ந்து புல் முழங்கால் அளவு எழுந்த பொழுதுமாம். கருப்பொருள் அருகு, கோரை, பார்த்தீனியம், உண்ணிச்செடி முதலியன. உரிப்பொருள் இழுத்தலும் இழுத்தல் நிமித்தமும் ஆகும். இழுத்தலாவது என்ஜினை உயிர்ப்பிக்கக் கயிற்றை இழுத்தல். அது நொடிப்பொழுதினது, இயக்குபவரின் கண்ணையும் காலையும் காப்பது நிமித்தமே என்பதும், அந்நிமித்தம் ஐவகைப்படும் என்பதும் இவ்வாய்வின் துணிபு.

முதலாவது, புணர்தலாகிய குறிஞ்சி. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி இல்லாமையால், உள்ளே உரசும் பாகங்களுக்கு வேண்டிய வழவழப்பைப் பெட்ரோலில் கலந்து செல்லும் டூ டி ஆயிலே தருகிறது. இயந்திரத்துக்கு விதித்த விகிதம் 50:1 எனின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயிலும், 25:1 எனின் 40 மில்லியும் சேர்க்கப்படும். கண்மதிப்பே போதும் என்பாரும் உளர், அது பொருந்தாது. என்னை? ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் புகை எழுந்து பிளக் கரி பிடிக்கும். இப்புணர்ச்சி டேங்கினுள் அன்றித் தனிக் கேனில் குலுக்கி நிகழ்த்தப்படுதல் மரபு. ஃபோர் ஸ்ட்ரோக் வகையில் ஆயில் தனிக்குடித்தனம் நடத்துவதால் அதற்குக் குறிஞ்சி இல்லை.

இரண்டாவது, ஊடலாகிய மருதம். குளிர்ந்த என்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் அடைப்பு சோக் எனப்படும். அதனை மூடி இழுக்கையில் என்ஜின் ஒருமுறை இருமும். அக்குறிப்பறிந்து சோக்கைத் திறப்பவரோடு அது கூடும். அறியாது மேலும் மேலும் இழுப்பவரிடம் பிளக் பெட்ரோலில் நனைந்து ஊடல் முற்றும். ஊடல் தீர்க்கும் வாயில்களாவன: பிளக்கைக் கழற்றித் துடைத்தல், சுவிட்சை அணைத்துக் கயிற்றைச் சிலமுறை இழுத்துச் சிலிண்டரை உலர்த்தல், காற்று வடிகட்டியின் பஞ்சைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்தல் என்பன. பக்கத்துத் தோட்டக்காரரின் கண்ணேறே காரணம் என்னும் கொள்கை, சுவிட்ச் தொடக்கமுதலே அணைந்திருந்தமை பின்னர்த் தெரியவருவதால் வலுவிழக்கிறது.

மூன்றாவது, பிரிதலாகிய பாலை. இங்குப் பிரிவது தலைவன் அன்று, கல். சுழலும் பிளேடில் பட்ட கல்லும் கண்ணாடித் துண்டும் எத்திசைச் செல்லும் எனச் சொல்ல எவராலும் இயலாமையின், வெட்டுமுன் நிலத்தை நடந்து பொறுக்குதலும், 15 மீட்டருக்குள் ஆளும் ஆடும் இல்லாதிருத்தலும், கண்ணாடியும் காதடைப்பும் பூட்சும் அணிதலும் விதிக்கப்பட்டன. மேலிருந்து நோக்க இடஞ்சுழியாகச் சுழலும் பிளேடை வலமிருந்து இடமாக வீசுதலே முறை. அதன் முன்புற வலப்பகுதி அடிமரத்தில் முட்டின், வெட்டுதற்கு மாறாக உதைத்து, இயந்திரத்தை இயக்குபவர் கையோடு திருப்பி எறியும்.

நான்காவது, இருத்தலாகிய முல்லை. ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் பிளேடு சிறிது நேரம் சுழலுமாதலால், அது நிற்கும்வரை ஆற்றியிருத்தல் வேண்டும். சுற்றிய புல்லை எடுக்குமுன் என்ஜினை அணைத்துப் பிளக்கின் தொப்பியையும் கழற்றுதல் வேண்டும். சூடு ஆறும்வரை பெட்ரோல் ஊற்றாதிருத்தலும், ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வந்து இழுத்தலும் இதன்பாற்படும். இடைவிடாத அதிர்வு விரல்களில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து அவற்றை வெளுக்கச் செய்யுமாதலின், இருத்தல் கைகளுக்கும் உரியது. இக்காலத்துத் தேநீர் தகும், பீடி தகாது.

ஐந்தாவது, இரங்கலாகிய நெய்தல். பருவம் முடிந்தபின் டேங்கைக் காலிசெய்து, எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, கியர் தலையில் கிரீஸ் வைத்து எடுத்துவைக்காதவர், ஆவியான பெட்ரோல் விட்டுச்சென்ற பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிட, அடுத்த மழைக்குப் பின் மெக்கானிக் கடை வாயிலில் நின்று இரங்குவர்.

இனி, லுங்கியும் ரப்பர் செருப்புமாகப் பிளேடை அணுகுதலும், பாதுகாப்புத் தகடு இடைஞ்சல் எனக் கழற்றி எறிதலும் பொருந்தாக் கூட்டமாகிய பெருந்திணையாம். கோரையை வென்றோம் என்னும் மகிழ்ச்சியோ ஒருதலைப்பட்டதாகிய கைக்கிளை. ஏனெனில் இயந்திரம் கொய்வது இலையை, கோரை வாழ்வது மண்ணுக்கடியிலுள்ள கிழங்கில். அதனால் இழுத்தலுக்கு முடிவில்லை என்பதும், அதன் நிமித்தங்களை ஆண்டுதோறும் முதலிலிருந்தே செய்யவேண்டும் என்பதும் பெறப்படும்.