ஹியூமிடிட்டி மட்டும் இல்லேன்னா...

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் அவர் ஒருவர் இருப்பார். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, வங்கியிலோ மென்பொருள் கம்பெனியிலோ மேல்படி உத்தியோகம், முடிகிற தறுவாயில் வீட்டுக் கடன். சில வருடங்களுக்கு முன் டாக்டர் அவரைத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார். இவர் மாரத்தான்காரர் ஆகிவிட்டார்.

லிஃப்டில் பார்த்து "சௌக்கியமா சார்?" என்று கேட்டால், "இன்னிக்குத் தொண்ணூத்தொண்ணு" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைச் சர்க்கரை அளவு என்று நினைத்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். பழைய ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். அது அன்றைய ஹியூமிடிட்டி. கேட்டுவிட்டால் தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடிவரை வகுப்பு நடக்கும்.

"வேர்க்கறது பெரிசில்ல சார், அது காயணும். ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில முக்கால் பங்கு வெறும் சூடாத்தான் போகுது. அந்தச் சூட்டை வேர்வை ஆவியாகித்தான் வெளிய கொண்டுபோகணும். காத்துலயே ஈரம் ரொம்பி நின்னா அது எங்க ஆவியாகும்? சொட்டிச் சொட்டி ஷூவுக்குள்ள போய்ச் சேரும், அவ்வளவுதான்." ஐந்தாவது மாடி வந்து கதவு திறந்திருக்கும். அதை மூட விடாமல் ஒரு கால் குறுக்கே நிற்கும். இருபதாயிரம் ரூபாய் ஷூ போட்ட கால். டியூ பாயின்ட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கதவை யாரும் தாண்டியதில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் உண்மை. இல்லாததைச் சொல்கிறவரை மடக்கிவிடலாம். இயற்பியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெதுவாக ஓடுகிறவரை என்ன செய்வது? அதிலும் சென்னை அவருக்காகவே செய்துவைத்த ஊர். வெயிலுக்குப் பயந்து விடியற்காலை நாலு மணிக்குப் போனால், நாளிலேயே ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும் நேரம் அதுதான். சரி, ஈரம் இறங்கட்டும் என்று எட்டு மணிவரை காத்திருந்தால் வெயில் வந்து உட்கார்ந்திருக்கும். வேகமாக மாரத்தான் ஓட வேண்டுமென்றால் வெப்பம் பத்து டிகிரிப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பாடம். மாரத்தான் வீரர் கெல்வின் கிப்டம் 2023-ல் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்ததைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சிகாகோ சார். அக்டோபர் மாசம்" என்று முடித்துவிடுவார். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. கடைசியாக அது 1905 ஜனவரியில் வந்தது. அதாவது அவர் ஓடியிருக்க வேண்டிய நாள் வந்து, போயும்விட்டது. அன்றைக்கு ரிஜிஸ்ட்ரேஷன் திறக்கவில்லை.

அவருடைய நாள் மூன்றரைக்குத் தொடங்கும். வீடு தூங்கிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் கிளம்புவதாக அவர் நம்புகிறார்; கைக்கடிகாரம் செயற்கைக்கோளைப் பிடித்ததும் கீச்சென்று கத்தி அறிவிப்பதை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை. போய்விட்டு ஐந்தேகாலுக்குத் திரும்பும்போது கடிகாரத்தில் 9.97 கிலோமீட்டர் என்று இருந்தால் வீட்டுக்குள் வர மாட்டார். 9.97 என்று ஸ்ட்ராவா ஆப்பில் ஏற்றினால் உலகம் என்ன நினைக்கும்? கார் நிறுத்தும் இடத்தில், தூண்களைச் சுற்றி முப்பது மீட்டர் ஓடுவார். இதைத் தினமும் பார்க்கிற ஒரே ஜீவன் வாட்ச்மேன். அவர் மேலே கிடக்கிற டீ-ஷர்ட்டில் 'ஃபுல் மாரத்தான் ஃபினிஷர்' என்று எழுதியிருக்கும். வீட்டில் அலமாரி நிரம்பி, தரை துடைக்கவும் எடுத்தது போக மிஞ்சியதை அம்மா அவருக்குக் கொடுத்துவிடுவதால் வந்த பட்டம் அது. ஒருநாள் கூரியர் கொண்டுவந்த பையன் அதைப் படித்துவிட்டு, "டைமிங் என்னண்ணே?" என்று கேட்டான். "நைட் எட்டுலேர்ந்து காலைல எட்டு" என்றார் வாட்ச்மேன்.

வீட்டுக்காரர்கள் பாடு தனி. ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர், லேப்டாப், அரிவாள்மனை வரிசையில் கார்பன் தகடு வைத்த ஷூவும் பொட்டு வைத்துக்கொண்டு உட்காரும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்று யாராவது பத்திரிகை நீட்டினால், "அன்னிக்கு லாங் ரன்னாச்சே" என்று மணமகன் முன்னாலேயே முகம் வாடுவார். ரிசப்ஷனுக்குப் போனால் மேடைக்கு முதலில் ஏறிப் பந்திக்கும் முதலில் உட்கார்ந்து ஒன்பதுக்குள் படுக்கையில் இருப்பார். போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்து கார்ப் லோடிங். அதாவது அரிசிச் சோறு நிறையச் சாப்பிட வேண்டும். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று காலங்காலமாக இந்த வீட்டில் வேறென்ன நடந்தது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. "பாட்டி கூட இதைத்தாண்டா செஞ்சா. அவ ஒரு தரம்கூட ஓடலையே" என்கிறாள்.

(பெண் ஓட்டக்காரர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். சட்னி அரைத்து மூடி வைத்துவிட்டு மூன்றரைக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள். ஹியூமிடிட்டியைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரம் கிடையாது.)

ஜனவரியில் போட்டி. அதிகாலை நாலு மணி, நேப்பியர் பாலம். வளைவுகளில் வண்ண விளக்கு, ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு, மேடையில் ஒரு பெண் எல்லோரையும் ஜும்பா ஆடச் சொல்கிறாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறவனை எதற்கு முன்கூட்டியே களைப்பாக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அங்கே இல்லவும் இல்லை. நடமாடும் கழிப்பறை வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டக்காரர்களுக்குள் அந்த நேரத்து வணக்கம் ஒன்று உண்டு. "போயாச்சா?" இரண்டரை மணிக்கு எழுந்து ஃபில்டர் காபி குடிப்பது ருசிக்காக அல்ல. "ஆச்சு" என்று பதில் வந்தால் அவர் முகத்தில் தெரிகிற பொறாமையை, பரிசு வாங்குகிற கென்யாக்காரரைப் பார்த்தும் அவர் காட்டியதில்லை.

முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம். கடற்காற்று, இருட்டு, வேகம் காட்டி முன்னால் ஓடும் பேஸர் கையில் கொடி. நாலரை மணி நேரக் கொடியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிறார். பதினைந்தில் டீ-ஷர்ட் முதுகோடு ஒட்டுகிறது. இருபதில் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். இருபத்திரண்டில் ஷூ 'சளக், சளக்' என்று தாளம் போட ஆரம்பிக்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கியதே எடை குறைவு என்பதற்காகத்தான். இப்போது ஒவ்வொரு காலிலும் கால் லிட்டர் சுமக்கிறார். ஆறரைக்கு மேல் சூரியன் கடல் பக்கத்திலிருந்து எழுந்து வந்து பக்கவாட்டில் அடிக்கிறது. பேஸரின் கொடி தூரத்தில் தெரிகிறது. பிறகு தெரியவில்லை.

மேசை போட்டுத் தண்ணீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை, உப்புத் தொட்ட உருளைக்கிழங்கு, கடலை மிட்டாய் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி ஆளைச் சாய்த்துவிடும் என்று படித்திருப்பதால், இடுப்புப் பையில் சொந்த உப்பு மாத்திரை வைத்திருக்கிறார். வியர்வையில் அதுவும் கரைந்துவிட்டிருக்கிறது. கல்லூரித் தொண்டர்கள் கைதட்டுகிறார்கள். "கமான் அங்கிள்! இன்னும் கொஞ்சம்தான் அங்கிள்!" அவர் அப்போதுதான் இருபத்தெட்டைத் தாண்டியிருக்கிறார். பதினான்கு கிலோமீட்டரைக் கொஞ்சம் என்று சொன்னதை மன்னித்துவிடுவார். அந்த அங்கிளைத்தான் பொறுக்க முடியவில்லை.

முப்பதுக்கு மேல் கல்லீரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, கால் நம்முடையது என்ற எண்ணமே போய்விடும். இந்த இடத்தில்தான் அவர் நடக்க ஆரம்பிக்கிறார். நடப்பதும் சும்மா நடப்பதல்ல. ஹார்ட் ரேட்டை இறக்கும் உத்தி. பக்கத்தில் அதே உத்தியில் வருகிற இளைஞனுக்குக் கதை சொல்கிறார்.

"1904-ல செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் தெரியுமா தம்பி? மாரத்தானை மத்தியானம் மூணு மணிக்கு ஆரம்பிச்சான். 32 டிகிரி வெயில். ஓடினது 32 பேர், முடிச்சது 14 பேர். ஜெயிச்ச தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில ஸ்ட்ரிக்னைனும் பிராந்தியும் கலந்து கொடுத்துத்தான் இழுத்துட்டு வந்தாங்க. அவர் டைமிங்கே மூணு இருபத்தெட்டு."

"ஸ்ட்ரிக்னைன்னா?"

"விஷம். எட்டிக்கொட்டைல இருக்கறது."

இளைஞன் கையிலிருந்த ஜெல் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்க்கிறான்.

"தென்னாப்பிரிக்காலேர்ந்து வந்த ஒருத்தரை நாய் துரத்திச்சு, ஒரு மைல் வேற பக்கம் ஓடிட்டு வந்தாராம். அப்பவும் ஒன்பதாவது."

"நாய் துரத்தினதாலதான் சார் ஒன்பதாவது வந்திருப்பாரு" என்கிறான் இளைஞன். நம் தெருக்களில் பயிற்சி செய்தவனுக்குத்தான் இந்த நுணுக்கம் தெரியும்.

அப்போது ஒரு ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைக்கிறார். போலீஸ் பாதிச் சாலையை மறித்த எரிச்சல் ஒன்றும் அவரிடம் இல்லை. வெறும் இரக்கம்தான். "எங்க சார் போணும்? ஏறுங்க, வுட்டுர்றேன்." மாரத்தான்காரர் ஒரு விநாடி பேசாமல் நிற்கிறார். அதே 1904-ல் ஃபிரெட் லார்ஸ் என்கிறவர் பாதித் தூரத்தைக் காரில் கடந்து, கடைசியில் இறங்கி ஓடி, முதலாவதாக மைதானத்துக்குள் வந்து, கையும் களவுமாகப் பிடிபட்டார். அந்தக் கதையையும் இளைஞனுக்குச் சொல்லலாம் என்று இருந்தார். இப்போது சொல்லவில்லை. ஸ்கூட்டரின் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம்பா" என்றார்.

கடைசி வளைவில் புகைப்படக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். இருநூறு மீட்டருக்கு முன்பிருந்தே ஊர்வலமாக நடந்து வந்த பத்துப் பேரும் ஒரே சமயத்தில் ஒலிம்பிக் வீரர்களாகிறார்கள். நொண்டியவர் நொண்டவில்லை. அழுதவர் பல் தெரியச் சிரிக்கிறார். அந்தப் படத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மாரத்தான் என்பது சந்தோஷமான விஷயம் என்று நினைத்து அடுத்த வருடம் பணம் கட்டுகிறார்கள்.

நாலு மணி ஐம்பத்தேழு நிமிடம். கழுத்தில் மெடல். வீட்டுக்கு வந்து படியேற முடியாமல், வாசலில் ஷூவைக் கழற்றிக் கவிழ்க்கிறார். கறுத்துப்போன பெருவிரல் நகத்தை எல்லோரிடமும் காட்டுகிறார். மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார், "எத்தனையாவது வந்தீங்க மாப்பிள்ளை?"

"அது அப்படி இல்ல மாமா. இதுல எல்லாரும் அவங்கவங்களோடதான் போட்டி."

"ம்."

"தன்னைத்தான் ஜெயிக்கணும்."

"அதுல எத்தனையாவது?"

அன்று மத்தியானம் முழுக்க அவர் லேப்டாப்போடு கட்டிலில் கிடக்கிறார். மணிவாரியாக வெப்பநிலை, ஈரப்பதம், டியூ பாயின்ட் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் போட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சென்னை தன்னிடமிருந்து திருடிய விநாடிகளைத் தனித்தனியாகக் கழிக்கிறார். மாலைக் காபிக்குள் விடை வந்துவிடுகிறது: நாலு மணி இருபத்தொரு நிமிடம். இனிமேல் யார் கேட்டாலும் இதுதான். "ஹியூமிடிட்டி மட்டும் இல்லேன்னா நாலு இருபத்தொண்ணு" என்று சொல்லத் தொடங்கிய வாக்கியம், வாரக் கடைசியில் பல் டாக்டரிடம் போகும்போது வெறும் "நாலு இருபத்தொண்ணு" ஆகியிருக்கிறது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் ஹூஸ்டனிலிருந்து மைத்துனன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவனும் ஓடுகிறவன். அந்த ஊர் மாரத்தானும் ஜனவரியில்தான். இரண்டு பேரும் கால், முட்டி, நகம் எல்லாம் விசாரித்துக்கொண்டார்கள்.

"டைமிங் என்னடா?" என்றார் இவர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து.

"அதை ஏன் கேக்கறீங்க மாமா, நாலு அம்பத்தெட்டு. கிளம்பறப்போ ரெண்டு டிகிரி. காத்து வேற. கையுறை போட்டும் விரல் மரத்துப்போச்சு, பாதித் தூரம் வரைக்கும் தசையே சூடாகல. கொடுத்துவச்சவங்க நீங்க. நம்ம ஊர் கதகதப்புல ஓடியிருந்தா சத்தியமா நாலு இருபதுக்குள்ள முடிச்சிருப்பேன். அங்க எப்படி இருந்தது கிளைமேட்?"

"இரு, உங்க அக்கா பேசணுங்கறா" என்று சொல்லிவிட்டு அவர் போனை மனைவியிடம் கொடுத்தார்.