கணக்குப்பிள்ளை 1.0

எந்த வேலையைச் சின்ன மூளைக்குக் கொடுப்பது, எதைப் பெரிய மூளைக்கு அனுப்புவது என்று இப்போது பெங்களூரில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கைபேசிக்குள் அடங்குகிற குட்டி ஏஐ மாடல் ஒன்று. எங்கோ ஒரு தரவு மையத்தில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும் ராட்சச மாடல் இன்னொன்று. சில்லறைக் கேள்விக்குக் குட்டி பதில் சொல்லும். திணறினால் மேலே தள்ளிவிடும். பிரமாதம். சேலம் சீமையில் இதை 1792லேயே ஓட்டிப் பார்த்து, கெடுத்து, மறுபடியும் ஓட்டிவிட்டார்கள். மின்சாரம் மட்டும்தான் இல்லை.

அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, பாராமகால் சீமையும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி மடியில் விழுந்தன. சென்னைக் கோட்டையில் ரெவின்யூ போர்டு என்ற பெரிய மாடல் இருந்தது. எதைக் கேட்டாலும் பத்தி பத்தியாகக் கருத்துச் சொல்லும். தமிழ்தான் தெரியாது. கம்பங்காடு எது, சோளக்காடு எது என்றும் தெரியாது. ஊர் பாஷை பேசத் தெரிந்த சிவிலியன் தேறாததால், கார்ன்வாலிஸ் பிரபு பட்டாளத்துக்காரர்களை வரி வசூலிக்க அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை; கூட மன்ரோ, கிரஹாம், மெக்லியட் என்று மூன்று உதவியாளர்கள். துப்பாக்கி பிடித்த கைக்குச் சிட்டா அடங்கல் எவ்வளவு நாளில் பிடிபடும் என்று யாரும் கேட்கவில்லை.

குட்டி மாடல் ஊருக்கு ஒன்று ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தது. பெயர் கணக்குப்பிள்ளை. கம்பெனிக்காரர்கள் கர்ணம் என்றார்கள். சாதனம்: ஓலையும் எழுத்தாணியும். இருப்பிடம்: திண்ணை. பயிற்சித் தரவு: எண்சுவடி. பயிற்சி முறை: பிரம்பு. இன்றைக்கு ஒரு மாடலைக் கைபேசிக்குள் திணிக்க, அதிலுள்ள எண்களின் நுணுக்கத்தைக் குறைக்கிறார்கள். பதினாறு பிட்டை நாலு பிட்டாக்கினால் எடை குறையுமாம். நம் ஆள் நேர் எதிர். காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. அதுவும் போதாதென்று கீழ்முந்திரி என்று ஒன்று, 1/102400. இவ்வளவையும் ஒரு குடுமிக்குள் வைத்துக்கொண்டு, நடுவே வெற்றிலையும் போட்டுக்கொண்டிருந்தார்.

வேகமோ அபாரம். "ஏனுங்க, ஏரிக்கு மேக்காலே இருக்குற காடு ஆருதுங்க?" என்று கேட்டால், துப்பிவிட்டு நிமிர்வதற்குள் மூன்று தலைமுறைப் பங்காளிச் சண்டையோடு பதில் வந்துவிடும். அதே கேள்வியைக் கோட்டைக்கு அனுப்பினால், தபால் ஓட்டக்காரன் போய் வருவதற்குள் காட்டுக்காரனுக்குப் பேரன் பிறந்திருப்பான். அந்தரங்கப் பாதுகாப்பைச் சொல்லவே வேண்டாம். ஊர்த் தரவு ஊர் எல்லையைத் தாண்டாது. தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழுநேர வேலையே.

இல்லாததை உண்டென்று அடித்துச் சொல்லும் ஏஐ பிரமை? இவருக்கும் உண்டு. ஏரிக்குக் கீழே தண்ணீர் நிற்கும் நஞ்சை ஓலைக்கு வந்ததும் புஞ்சையாகிவிடும். அறுவடை முடிந்த வயல் தரிசாகத் தெரியும். ஆனால் இயந்திரப் பிரமை லஞ்சம் வாங்காது. இவருடைய பிரமை, வீட்டுக்கு வாழைத்தார் அனுப்பியவர் பக்கமே சாயும். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது சேவை.

ரீட் இதைப் புரிந்துகொண்டார். கர்ணத்தை ஒழிக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. ஆகவே காடு காடாகச் சங்கிலி பிடித்து அளக்கச் சொன்னார். ஐந்து வருஷக் குத்தகை வேண்டும் என்று மேலிடம் ஆசைப்பட்டது. குடியானவன் வானத்தைப் பார்த்தான். ஐந்து வருஷத்துக்கு மழைக்கு யார் ஜாமீன்? கடைசியில் 1796 டிசம்பரில் ரீட் இறங்கிவந்தார்: வேண்டிய காட்டை வருஷா வருஷம் எடுத்துக்கொள், வேண்டாததை விட்டுவிடு, தீர்வையைச் சர்க்காரிடம் நேராகக் கட்டு. ரயத்துவாரிக்கு விதை விழுந்தது இப்படித்தான். விதைத்தவர் ரீட், பாடப் புத்தகத்தில் பெயர் வாங்கியவர் மன்ரோ. அந்த மன்ரோ ஏழு வருஷம் கூடாரமும் குதிரையுமாக அலைந்தார். தருமபுரியில் ஒரு தோட்டம் போட்டு, 1799ல் மாற்றல் வந்தபோது அதைப் பிரிய மனமில்லாமல் போனார். உத்தியோகஸ்தர் மண்ணோடு பழகினால் இப்படித்தான் கெட்டுப்போவார்.

அவர்கள் நகர்ந்ததும் கோட்டைக்குத் துணிச்சல் வந்தது. வங்காளத்தில் 1793ல் நிரந்தரத் தீர்வை என்றொரு திட்டம் ஓடியது. அங்கே ஜமீன்தாருக்குப் பழகிய மாடலை அப்படியே பெயர்த்து, 1802 முதல் சேலத்தில் இறக்கினார்கள். இங்கே ஜமீன்தார் இல்லையே? செய்துவிட்டால் போகிறது! கிராமங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, மிட்டா என்று பேர் வைத்து, ஏலம் விட்டார்கள். மிட்டாய் மாதிரிதான் விற்றன. வாங்கியவருக்கு அப்புறம்தான் கசந்தது. மழை பொய்த்தாலும் கிஸ்தி பொய்க்கக் கூடாதே. பாக்கி ஏறிய மிட்டாக்கள் பல, வந்த வழியே சர்க்காரிடம் திரும்பின. இந்தக் களேபரத்திலும் கோட்டை ஒரு காரியத்தை மறக்கவில்லை: அதே 1802ல் கர்ணங்களுக்கென்றே தனி ரெகுலேஷன், 29ஆம் எண். கிராமத்தை ஏலத்தில் விட்டாலும் கிராமத்தின் ஞாபகசக்தியை விடக் கூடாது என்று அதற்கும் தெரிந்திருந்தது.

1820ல் மன்ரோ கவர்னராகவே கோட்டைக்குள் வந்து உட்கார்ந்தார். ரயத்துவாரி திரும்ப வந்தது. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் அவர் சிலை இன்னும் நிற்கிறது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை. பாராமகால் பாதைகளுக்கு அப்புறம் அதெல்லாம் ஆடம்பரம் என்று தோன்றியிருக்கும்.

கணக்குப்பிள்ளைக்குச் சுவிட்சை அணைத்தவர் எம்.ஜி.ஆர். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம். கர்ணமும் மணியக்காரரும் ஒரே ராத்திரியில் மாஜி ஆனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1982ல் சட்டம்தான் ஜெயித்தது. தேர்வு எழுதிய கிராம நிர்வாக அலுவலர் வந்தார், பின்னாலேயே கணினி வந்தது, அதன் பின்னாலேயே "சர்வர் டவுன்" வந்தது. ஒரு பட்டா நகலுக்காக நானே ஒரு முழு முற்பகல் பெஞ்சில் காய்ந்திருக்கிறேன். பெரிய மாடல் எங்கேயோ தூங்கியது. எதிரே இருந்த பையனுக்கு என் சர்வே எண் மனப்பாடமாகிவிட்டது. அச்சடிக்கத்தான் அதிகாரம் இல்லை.

2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. கிராம நிர்வாக அலுவலர்கள் மாட்டோம் என்றதும், வேளாண் கல்லூரி மாணவர்களைக் கைபேசியோடு காட்டுக்குள் இறக்கினார்கள். போன தடவை பட்டாளம், இந்தத் தடவை பள்ளிப் பருவம் தாண்டாத முகங்கள். ராசிபுரம் பக்கம் ஏதோ ஒரு வரப்பில் அப்படியொரு பிள்ளை செயலி சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்து முழித்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். வேப்ப மரத்தடியில் இருந்த பெரியவர் எழுந்து வந்திருப்பார்.

"டவர் இங்க எடுக்காது கண்ணு. எங்க தாத்தா இந்த ஊருக் கணக்கு. கேளு, நான் சொல்றேன்."

"ஏரிக்குக் கீழ இருக்கே, இது என்ன நிலமுங்க தாத்தா?"

அவர் தண்ணீர் மின்னும் வயலை ஒருமுறை பார்த்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டிருப்பார்.

"புஞ்சைன்னு போட்டுக்கோ சாமி."