மலைநாட்டுத் தானியங்கி இருசக்கர ஊர்தி: ஓர் இறக்கவியல் ஆய்வு

மலைநாட்டைப் பற்றிய ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டதற்கு ஏடு உண்டு. 1885-ல் நானுஓயாவுக்கு ரயில் ஏறி வந்ததற்கும் உண்டு. ஆனால் ஹட்டன் டவுனில் வேலை முடித்து, மேல் டிவிசன் லயத்துக்குக் கிளச் பிடிக்காமல் வீடு போய்ச் சேர எந்த வண்டி உகந்தது என்ற வினாவுக்கு இன்றுவரை எவரும் விடை எழுதவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தரவுகள் சலூன், வெல்டிங் கடை, பெற்றோல் செட், மழைக்கு ஒதுங்கிய டீக்கடை ஆகிய உயராய்வு மையங்களில் திரட்டப்பட்டன. நிதியுதவி கிடைக்கவில்லை, டீக்குக்கூட நாமே கொடுத்தோம்.

களத்தின் இயல்பை முதலில் வரையறுப்பது மரபு. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்பது இலக்கணம். கூதிர்கால யாமத்தில், லயத்து முற்றத்தில் படங்கு போர்த்தி நிறுத்திய ஸ்கூட்டி விடியற்காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும் என்பதை இலக்கணிகள் கூறாதது, அவர்களிடம் ஸ்கூட்டி இல்லாமையால் என்க. இன்னொன்றையும் அவர்கள் கூறவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சு குறைந்தால் என்ஜினுக்கும் வலு குறையும். விளம்பரத் துண்டில் அச்சிட்டிருக்கும் குதிரைவலுவில் ஆறில் ஒன்று, ரம்பொடைக்கு மேலே வந்து சேர்வதே இல்லை.

இத்துறையில் நிலவும் கொள்கைகள் மூன்று. முதலாவது கியர்வாதம். தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றாலே சின்னத் துரை என்றிருந்த காலத்தின் மிச்சம் இது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர் அனைவரும் இந்தப் பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். “கியர் இல்லாட்டி அது வண்டியா அண்ணே?” என்பதே இவர்களின் முழுமுதல் வாதமும் முடிவுரையும். இரண்டாவது ஸ்கூட்டிவாதம், எந்தக் கம்பனி செய்தாலும், பெல்ட்டில் ஓடினால் இதில் அடங்கும். மூன்றாவது, ஹொண்டா கப் வண்டியைப் போற்றும் கப்வாதம், இதைக் கடைப்பிடிப்போர் பெரும்பாலும் ஐம்பது கடந்தவர்கள், விவாதத்துக்கு வரமாட்டார்கள், வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

கியர்வாதிகளை இத்துடன் விடுவோம். கிளச்சை இழுத்து இழுத்து இடது மணிக்கட்டு வீங்கியோருக்காகவே இவ்வாய்வு.

இதுவரை இவ்விவாதம் தவறான திசையில் நடந்திருக்கிறது என்பதே எமது கருத்து. மலைநாட்டில் வண்டி வாங்க வருபவர் கேட்கும் முதற்கேள்வி, “ஏத்தம் ஏறுமா?” என்பதே. ஏறும். இன்றைய 110, 125 சிசி ஸ்கூட்டிகள் இருவரை ஏற்றிக்கொண்டு முக்கி முனகியாவது நானுஓயா மேட்டில் ஏறிவிடுகின்றன. ஏறாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. பின்னால் இருப்பவர் இறங்கி நடப்பார். இறங்குவதுதான் ஆராயத் தக்கது. அதற்குத் துறையே இல்லை என்பதால் இறக்கவியல் எனப் பெயரிட்டுக் கொண்டோம்.

ஸ்கூட்டியின் வயிற்றுக்குள் நடப்பதை மெக்கானிக் கடையில் மூடியைக் கழற்றி வைத்திருக்கும்போது எவரும் பார்க்கலாம். முன்னே ஒரு கப்பி, பின்னே ஒரு கப்பி, இடையில் ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் இருக்கும் சிறு ரோலர்கள் வேகம் கூடக்கூட வெளியே தள்ளப்பட, பெல்ட் மேலேறி, கியர் மாறுவதுபோல் விகிதம் மாறும். பின் கப்பியோடு சேர்ந்து சுழல்வது கிளச்சின் கட்டைகள். என்ஜின் வேகம் கூடினால் கட்டைகள் விரிந்து வெளி டிரம்மைக் கவ்வும். குறைந்தால் சுருங்கி விட்டுவிடும். டிரம் சக்கரத்தோடு இணைந்தது, கட்டைகள் என்ஜினோடு இணைந்தவை. அனைத்துச் சிக்கலும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கொண்டை ஊசி வளைவுக்காக மெதுவாக்குகிறீர்கள். என்ஜின் வேகம் குறைகிறது. கட்டைகள் சுருங்கி டிரம்மை விடுகின்றன. அந்தக் கணம் முதல் வண்டி என்ஜினுக்குச் சொந்தமில்லை, மலைக்குச் சொந்தம். இறக்கம் இழுக்க இழுக்கச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கிளச் தானாகத் திரும்பக் கவ்வாது, ஏனென்றால் சுழல்வது டிரம் மட்டுமே. கட்டைகள் சும்மா இருக்கின்றன. அக்சிலேட்டரைச் சற்றே முறுக்கினால்தான் அவை விரிந்து பிடிக்கும், என்ஜின் மறுபடி இழுத்துப் பிடிக்கும். வேகம் குறைய வேண்டிய இடத்தில் வேகம் கொடுக்க வேண்டும் என்ற இந்த விதியை எந்தப் புதியவரும் நம்புவதில்லை. ஆகவே இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே இறங்குவார். சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை, நல்லதண்ணிக்கு வந்து திரும்பும் கொழும்புப் பிள்ளைகளைக் கினிகத்தேனையில் பாருங்கள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, பின் டிரம்மை விரலால் தொட்டு, கையை உதறி, “மச்சான், கருகுற மணம் அடிக்குது” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கித்துல்கலைக்கு இறங்கும் தூரம் இன்னும் அப்படியே இருக்கும்.

இதே காரணத்தால் மலையகத்தின் தொன்மையான கலை ஒன்றும் அழிந்து வருகிறது. பேட்டரி செத்த வண்டியை இறக்கத்தில் உருட்டி, கியரைப் போட்டு, ‘டப்’பென்று ஸ்டார்ட் எடுக்கும் கலையைச் சொல்கிறோம். ஸ்கூட்டியை ஹட்டனில் உருட்ட ஆரம்பித்துக் கடல் வரை உருட்டிச் சென்றாலும் அது ஸ்டார்ட் ஆகாது. மலைநாடெங்கும் இறக்கத்தைக் கொடுத்த இறைவன், அதைப் பயன்படுத்த வழியற்ற வண்டியையும் கொடுத்திருப்பது ஆய்வுக்குரியது.

இவ்விடத்தில் கப்வாதிகள் தலை நிமிர்கிறார்கள். ஹொண்டா சூப்பர் கப் 1958-ல் ஜப்பானில் பிறந்தது. சோபா நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக இடது கைக் கிளச்சை ஒழித்தார்கள். கியரை மட்டும் காலுக்கு விட்டார்கள். 2017-ல் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. அந்தக் காலியான இடது கையின் பயனை உலகில் முழுமையாக உணர்ந்தவர்கள் இரு சாரார். ஜப்பானியர் அதில் நூடில்ஸ் பிடித்தார்கள். நம்மவர் குடை பிடிக்கிறார்கள். (பொலிஸார் இவ்வாய்வை வாசிக்க நேர்ந்தால் இவ்வரியைத் தாண்டிச் செல்க.) இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும், உருட்டினால் ஸ்டார்ட் எடுக்கும், 17 அங்குலச் சக்கரம், தோட்டத்து ரோட்டுக் குழிகளில் விழுந்தும் எழும். 10 அங்குலச் சக்கரத்து ஸ்கூட்டி அதே குழியில் குடியேறிவிடும். இதன் தங்கை சாலியும் இதே இனம்தான், சக்கரம் மட்டும் சிறிது.

அப்படியானால் எல்லோரும் கப் வாங்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கே கொள்கை, காஸ் சிலிண்டரில் மோதி நிற்கிறது. வீட்டுக்கு வாங்கும் பெரிய சிலிண்டரில் எரிவாயு மட்டும் 12.5 கிலோ, உருளையின் எடை தனி. ஸ்கூட்டியின் தட்டையான கால்தளத்தில் அதை நிறுத்தி, இரு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு கொட்டகலையிலிருந்து வந்துவிடலாம். ஒரு மூட்டை கோதுமை மா, லீக்ஸ் கட்டு, பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் அங்கேதான். கப்பில் அந்த இடத்தில் என்ஜினைத் தாங்கும் முதுகெலும்பு ஓடுகிறது. அடுத்து, சேலை. தோட்டப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை ஒருவர் காலையில் வண்டி எடுப்பதைக் கவனித்தோம். முந்தானையை இடுப்பில் செருகி, மடிப்பைக் கால்தளத்தில் சேர்த்துவைத்து, மழைக் கோட்டைப் போட்டு, சீற்றுக்கு அடியில் சோற்றுப் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். பஸ்ஸுக்கு நின்று, நெரிபட்டு, மணி அடித்த பின் போய்ச் சேர்ந்த காலத்தை அந்தப் பூட்டுச் சத்தம் முடித்துவைத்தது. இறக்கவியல் எவ்வளவு உரத்துச் சொன்னாலும் அவர் கப்புக்கு மாறமாட்டார். மாறச் சொல்லும் துணிவு எமக்கும் இல்லை.

பொருளியல் பகுதி சுருக்கமானது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024-ல் 1,350 ரூபாய் ஆனது. ஸ்கூட்டி ஒன்றை ஐந்து இலட்சம் என்று வைத்து அந்தச் சம்பளத்தால் வகுத்தால் ஏறத்தாழ 370 நாட் பெயர். அதுவும் சோறு தின்னாமல், லீசிங் வட்டி கட்டாமல். எனவே கொழுந்து பறிப்பவர் அதை ஓட்டுவதில்லை. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் மாசாமாசம் கட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போகிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025-ல்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மியூசியத்துக்குரிய கப்புகளுக்கும் மாப்பிள்ளை விலை கேட்டார்கள். 2022-ல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அந்த நான்கு லீற்றரில் இறக்கமெல்லாம் என்ஜினை அணைத்துவிட்டு உருண்ட மக்கள் இன்னும் உயிரோடிருப்பது எமது துறையின் விளக்கத்துக்கு அப்பாற்பட்டது.

நெடும்பயணப் பிரியர்களுக்கு ஒரு சொல். கியர்ப் பெட்டியை வைத்துக்கொண்டே கிளச்சையும் கியர் மாற்றத்தையும் கணினியிடம் ஒப்படைத்த வண்டிகள் உண்டு. ஹொண்டா 2010-ல் விஎஃப்ஆர் 1200-ல் இரட்டைக் கிளச் முறையைக் கொண்டுவந்தது. யமஹா 2024-ல் எம்டி-09-ல் தன் முறையை இறக்கியது. கியர் கியராகவே இருப்பதால் இறக்கத்தில் என்ஜின் பிடிக்கும். கொள்கையளவில் இதுவே நிறைவான வண்டி. ஆனால் இவ்வகைப் பெரும்பாரங்கள் தோட்டத்து வளைவில் ஒருமுறை சாய்ந்தால், தூக்கி நிறுத்தக் காலைப் பிரட்டுக்கு வந்த ஆட்கள் அத்தனை பேரும் வேண்டும். விலைக்கோ தோட்டத்தையே கேட்பார்கள். மின்சார ஸ்கூட்டியை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறோம், லயத்தில் கரண்ட் நின்றால் என்ன செய்வது என்பதையும் அவரே எழுதட்டும்.

தீர்ப்பு வருமாறு: லயத்து ரோட்டிலேயே நாள் முழுக்கத் திரிபவருக்கு, பாகம் கிடைக்கும்வரை, கப். டவுனுக்கும் பாடசாலைக்கும் போய்வருபவருக்கு 125 சிசி ஸ்கூட்டி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு. வளைவுக்கு முன் அக்சிலேட்டரைத் தொட்டு என்ஜினைப் பிடிக்கவைக்கப் பழகியிருந்தால் மட்டும். 100 சிசிக்கு மேல் ஏ1 லைசன் செல்லாது என்பதையும் கவனத்தில் கொள்க. வாங்கப் போகும் அன்று, பின்னால் வழக்கமாக யார் உட்காருவாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையெழுத்துப் போடாமல், வண்டியை ஓர் இறக்கத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக விட்டுப் பாருங்கள். தரமாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.