தடவினால் விதிமீறல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ சங்கத்திடம் ஒரு காலத்தில் அருமையான விதி ஒன்று இருந்தது. ஆட்டக்காரப் பையனுக்குக் கல்லூரி பேகல் ரொட்டி கொடுக்கலாம். அதன்மேல் கிரீம் சீஸ் தடவினால் விதிமீறல். வெறும் ரொட்டி நொறுக்குத்தீனியாம், தடவியது சாப்பாடாம்! பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம். பல மாநிலங்களில் ஆளுநரைவிட அவருக்குத்தான் அதிகம். ஆட்டக்காரர் காசு வாங்கக் கூடாது என்ற அமெச்சூர் புனிதம் அதனால் மட்டும் கெடவில்லை பாருங்கள்.

ஆட்டக்காரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு வரம்பு போட்டதற்காக 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்தின் தலையில் குட்டினார்கள். ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2025-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அவர்களுக்குத் தர வேண்டிய பழைய பாக்கி மட்டும் சுமார் 280 கோடி டாலர். இனி ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பங்கு தரலாம். கல்லூரி விளையாட்டே அழிந்துவிடும் என்று நிர்வாகிகள் புலம்புகிறார்கள். பயிற்சியாளர் சம்பளத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றால்தான் அவர்களுக்குக் காது கேட்பதில்லை.