வெஸ்டர்ன் படப் பாறையியல்: முன்னுரைக்கு ஒரு முன்னுரை

பழைய வெஸ்டர்ன் படம் சேர்ப்போர் மூவகைப்படுவர். ஜான் வேனை மட்டும் அறிந்தோர்: இவர்களை விலக்குக. சேர்த்ததையெல்லாம் பார்த்து முடித்தோர்: இப்படி ஒருவர் இருந்ததற்குச் சான்று இல்லை. யாரும் கேள்விப்படாத படத்தைத் தேடிப் பிடித்து, பிறர் கேள்விப்பட்டதும் கைவிடுவோர்: யாம் இவ்வகை.

ஆய்வுப்பொருள், இயக்குநர் பட் பெட்டிக்கரும் நடிகர் ராண்டால்ஃப் ஸ்காட்டும் 1956 முதல் 1960 வரை சேர்ந்து தந்த படங்கள். இவை ஏழு. 'வெஸ்ட்பவுண்ட்' கடமைக்கு எடுத்தது, ஆகவே ஆறு என்பர் ஒரு சாரார். அதோடு 'செவன் மென் ஃப்ரம் நவ்' வேறு கம்பெனிப் படம், ஆகவே ஐந்து என்பர் மறு சாரார். பதினெண்கீழ்க்கணக்கின் பதினெட்டாவது இன்னிலையா கைந்நிலையா என்று மல்லுக்கட்டிப் பழகிய நமக்கு இது புதிதன்று. அங்கே நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை; இங்கே படத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

கதை, நடிப்பு, இசை: பிறர் எழுதிவிட்டனர். இனிப் பாறை.

இவற்றுள் நான்கு படங்களுக்குக் களம், கலிஃபோர்னியாவில் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா குன்றுகள். 1939இல் 'கங்கா தின்' படத்தில் இக்குன்றுகளே இந்திய எல்லைப்புறமாக நடித்தன. 17 ஆண்டு கழித்து 'செவன் மென் ஃப்ரம் நவ்' படத்தில் ஸ்காட்டும் நடிகர் லீ மார்வினும் மோத இடம் கொடுத்தன. இடையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஸ்காட்டின் முகத்தோடு ஒப்பிட்டால் பாறையே அதிகம் அசைகிறது என்பது எம் துணிபு (காண்க: மஞ்சள் நோட்டு, ப. 41). மறுப்போரும் உளர் (நீல நோட்டு, அதே ஆசிரியர், மறுநாள்). இருவரையும் சமாதானம் செய்வது பால் கணக்கு நோட்டின் பின்னட்டை (இரண்டாம் பதிப்பு, காபிக் கறை நீக்கியது, கறைதான் மூலபாடம், எழுத்து இடைச்செருகல் என்று நிறுவும் எம் இல்லாளின் சிறப்புரையுடன்).

பாறை இருவகை: பின்னால் யாரும் இல்லாதது, துப்பாக்கியோடு ஒருவன் இருப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஸ்காட்டுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. எப்படி என்பது தனி நூலாக வரும்.

'ரைடு லோன்சம்' (1959) 73 நிமிடப் படம். பாறைகளை எண்ணுவதற்கென்றே ஐந்து முறை பார்த்தோம். ஐந்து முறையும் கணக்கு ஒரே இடத்தில் நின்றுபோயிற்று: தன் மனைவியைத் தூக்கிலிட்ட மரத்துக்குத் தீ வைத்துவிட்டு ஸ்காட் பார்த்துக்கொண்டு நிற்கும் கடைசிக் காட்சி. நோட்டில் அந்த ஐந்து இடமும் வெற்றுத் தாள். பின்னாளில் பதிப்பிக்கும் அறிஞர், 'இங்கு ஏடு சிதைந்துள்ளது' என்று குறித்துக்கொள்வாராக.