ஆர்ச்சைப் பாக்காதே, அரியரைப் பாரு

வாங்க மாப்ளே, உக்காருங்க. பேராண்டி, நீயும் வாடா, ஏன் தூணுக்குப் பின்னால பம்முறே? பன்னெண்டாவதுல அறுநூறுக்கு 372. எங்க காலத்துல இந்த மார்க்குக்கு ஊர்ல தண்டோரா போட்டிருப்பாங்க. இப்ப எல்லாப் பயலும் ஐந்நூறைத் தாண்டித் தொலைக்கிறான், அதனால உங்க வீட்ல அடுப்பு எரியலை.

கும்பகோணத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு மார்க்குக்கு அழுவுறியே, வெக்கமா இல்ல? அந்த ஊரு கவர்மெண்ட் காலேஜுல 1904ல ஸ்காலர்ஷிப்போட சேந்தாரு கணக்கு மேதை ராமானுஜம். கணக்கைத் தவிர எதையும் தொடலை, பெயிலாப் போனாரு, ஸ்காலர்ஷிப்பும் போச்சு. மெட்ராஸுக்குப் போயி பச்சையப்பன்ல சேந்தும் எஃப்.ஏ. தேறலை. ஒடனே இளிக்காதே. அவரு கணக்கைத் தவிர மத்ததை விட்டவரு. நீ கணக்கையும் சேத்து விட்டவன். ஒரு பாடம் அவரைத் தாண்டிட்டே.

இருக்கட்டும். இவன் படிப்புக்காக வாய்க்காலோரத்து நாலு மா நெலத்தை விக்க வெலை பேசுறீங்களாமே மாப்ளே? கோவிச்சுக்காதீங்க, கேள்விப்பட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் வந்தானாம், செல்போன்ல ஒரு இன்ஜினீயரிங் காலேஜைக் காட்டுனானாம். வாசல்ல கோயில் கோபுரம் கணக்கா ஆர்ச்சு, உள்ள நீரூற்று, ஏசி பஸ்ஸு. "கவுன்சிலிங்கை நம்பினா சீட்டு பறந்துரும், மானேஜ்மென்ட் கோட்டாவுல இன்னிக்கே போட்டுருங்க"ன்னானாம். நீங்களும் தலையாட்டுனீங்களாம். மாடு வாங்கப் போனா கொம்புல அடிச்ச பெயிண்டையா பாப்பீங்க? பல்லைப் புடிச்சுப் பாக்குற ஆளாச்சே நீங்க.

அந்தச் சட்டைக்காரன் சொல்லாததை நான் சொல்றேன். பய ஆறாவதுலேந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம கவர்மெண்ட் பள்ளிக்கூடம். இவனை மாதிரிப் பசங்களுக்கு இன்ஜினீயரிங்ல 7.5 சதவீதம் தனியா ஒதுக்கி 2021ல சட்டமே போட்டாச்சு. அதுல சீட்டு கெடைச்சா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் ரெண்டையும் சர்க்காரே கட்டுது. அது இல்லேன்னாலும் முதல் பட்டதாரி சலுகைன்னு ஒண்ணு இருக்கு. நம்ம வம்சத்துல டிகிரி வாங்கின ஆளு யாரு இருக்கா? பயப்படாம சர்டிபிகேட் கேக்கலாம். ஆனா ரெண்டும் கவுன்சிலிங் வழியா போறவனுக்குத்தான். மானேஜ்மென்ட் கோட்டாவுல காலை வச்சீங்க, ரெண்டும் போச்சு. சும்மா கெடைக்கிற சீட்டுல அவனுக்கு என்ன கமிஷன் வரும்? அதான் அவசரப்படுத்துறான்.

இவன் கட்-ஆஃபு என்ன? கணக்கு 58 அப்புடியே, பிசிக்ஸு 60ல பாதி, கெமிஸ்ட்ரி 64ல பாதி. 200க்கு 120. இதுக்கும் சீட்டு உண்டு. சீட்டு பஞ்சம் இன்ஜினீயரிங்ல இல்ல மாப்ளே, உள்ள போனவன் வெளியில வர்றதுலதான் பஞ்சம். அண்ணா யுனிவர்சிட்டிக்காரங்க ஒவ்வொரு பரீட்சைக்கும் எந்தக் காலேஜுல எத்தனை சதவீதம் பாஸுன்னு பட்டியலே போடுறாங்க. நூத்துக்குப் பத்து பேரு கூட தேறாத காலேஜெல்லாம் அதுல வந்திருக்கு. ஆர்ச்சைப் பாக்க அம்பது மைல் போற நேரத்துல அந்தப் பட்டியலைப் பாருங்க. தன்னாட்சிக் காலேஜுன்னா அதுலயும் ஒரு சூட்சுமம்: கேள்வித்தாளை அவனே போட்டு அவனே திருத்துறான். அவன் பாஸு கணக்கையும் மத்தவன் பாஸு கணக்கையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

"நூறு சதவீதம் வேலை"ன்னு பேனர் கட்டியிருந்தா, எத்தனை பேருல நூறுன்னு கேளுங்க. அரியர் வச்சவனைக் கம்பெனிக்காரன் முன்னாடி நிறுத்தவே மாட்டான். மிச்சம் இருக்குற கெட்டிக்காரப் பய ஒருத்தன் மூணு கம்பெனியில தேறுனா, மூணு பேருன்னு எழுதிக்கிறவனும் உண்டு. அப்புறம் பஸ்ஸு கட்டணம், பரீட்சை கட்டணம், டிரெயினிங் கட்டணம், கோட்டு தைக்க ஒரு கட்டணம். சித்திரை வெயில்ல கோட்டு! எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி வாங்காம சல்லிக்காசு குடுக்காதீங்க. மார்க் ஷீட்டு ஒரிஜினலையும் குடுத்துட்டு வந்துராதீங்க. சரிபாத்துட்டுத் திருப்பிக் குடுக்கணும்னு யு.ஜி.சி. 2018லயே சொல்லியாச்சு.

இன்ஜினீயரிங் பாவம்னு நான் சொல்லலை. இவனுக்கு ஆசையிருந்தா கவுன்சிலிங் வழியா போகட்டும். ஆசை யாருக்குன்னுதான் எனக்குச் சந்தேகம். கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரன் "பையன் என்ன பண்றான்"னு கேப்பான். "இன்ஜினீயரிங்"னு ரசத்தை உறிஞ்சிக்கிட்டே நீங்க சொல்லணும். அதுக்குத்தானே நாலு மா?

இவனைக் கேளுங்க, ஒரு வருசமா கெமிஸ்ட்ரி வாத்தியார் பேச்சேதான் பேசுறான். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரிக்கு ஆர்ச்சு வேணாம் மாப்ளே, லேபுல தண்ணி வந்தாப் போதும். கும்பகோணத்துல 1854ல பள்ளிக்கூடமாத் தொடங்கி வளந்த காலேஜு இருக்கு, தஞ்சாவூர்ல சரபோஜி இருக்கு, மன்னார்குடியில ஒண்ணு இருக்கு. எல்லாம் கவர்மெண்டு. ஒரு வருசக் கட்டணத்தைச் சொன்னா, இவ்வளவு மலிவுல என்ன படிப்பு வரும்னு உங்களுக்கே சந்தேகம் வந்துரும். பஸ்ஸு பாஸும் உண்டு. தமிழ்ப் புதல்வன்னு மாசம் ஆயிரம் ரூபா பய கணக்குல வந்து விழும். பொம்பளப் புள்ளைங்களுக்குப் புதுமைப் பெண். நாளைக்கு குரூப் டூ எழுதுறதா இருந்தாலும் ஏதோ ஒரு டிகிரிதான் கேக்குறான், ஆர்ச்சு எத்தனை அடின்னு கேக்கலை.

அதுக்காக கவர்மெண்டு காலேஜெல்லாம் சொர்க்கம்னு நெனைச்சுறாதே பேராண்டி. வாத்தியார் பணியிடம் காலியா கெடந்து, கௌரவ விரிவுரையாளரை வச்சு ஓட்டுற டிபார்ட்மெண்டும் உண்டு. கௌரவம் பேருல மட்டும்தான், சம்பளத்துல கெடையாது, பாவம். அதனால நேரா போ. ஆபீஸுக்குள்ள நொழையாதே, எதிர்த்த டீக்கடையில உக்காரு. மூணாம் வருசப் பயலுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, கிளாஸு நடக்குதா, லேபு வாரத்துக்கு எத்தனை நாளு, நீ சேந்தப்ப இருந்த வாத்தியாருங்க இப்பவும் இருக்காங்களான்னு கேளு. அந்த ஒரு டீக்கு வர்ற சேதி எந்த புரோக்கர்கிட்டயும் வராது. எய்டட் காலேஜுக்குப் போனா, சீட்டு எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸான்னு மொதல்ல கேளு. ஒரே கேட்டு, ஒரே கட்டடம், செல்ஃபுன்னா கட்டணம் மட்டும் வேற.

என்ன மாப்ளே, மொகம் சுண்டிப் போச்சு? பந்தியில சொல்ல வார்த்தை இல்லையேன்னா? "பையன் சைன்டிஸ்ட்டுக்குப் படிக்கிறான்"னு சொல்லுங்க, எலைக்காரன் அடுத்த கேள்வி கேக்க மாட்டான்.

கவர்மெண்ட் காலேஜுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் 48 ரூபா, பதிவுக்கு 2 ரூபா. கல்யாணத்தப்ப ஸ்கூட்டர் கேட்டீங்க, நான் குடுக்கலை, இருபது வருசமா மனசுல வச்சிருக்கீங்க. இந்தாங்க அம்பது ரூபா. வாங்கிக்குங்க, நம்ம கணக்கு நேராச்சு.