தாளம் சரிலே, எடுப்பு எங்க?

ஏலே பேராண்டி, நீ படிச்சவன். நான் லேபுல முப்பது வருசம் கேபிளைச் சுருட்டி ஆணியில மாட்டுன கிழவன். ஆனாலும் நேத்து உன் மேசையப் பாத்துட்டு வந்து ராத்திரி சோறு எறங்கல. அதான் சொல்லுதேன்.

10 மைக்ரோசெகண்டு துடிப்பு, ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருக்க வருது. நூத்துல ஒரு பங்கு நேரந்தான் ஆளு வேலைக்கு வாரான். நீ சராசரி காட்டுத பவர் மீட்டர மாட்டிட்டு, '100 வாட் ஆம்ப்ளிஃபயர் 1 வாட்டுதான் தருது, செத்துப்போச்சு தாத்தா'ன்னு ஒப்பாரி வைக்க. ஒரு நாள் கூலிய நூறு நாளைக்குப் பங்கு போட்டா அப்படித்தாம்லே வரும்! 20 டெசிபல் கூட்டிப் பாரு, பொணம் எந்திரிச்சு உக்காரும்.

அடுத்து, ஆஸிலோஸ்கோப்புல படம் ஆடுதாம். 100 மெகாஹெர்ட்ஸ் கேரியரு. ஒரு துடிப்புக்குள்ள 1000 அலை. அதுல எதப் புடிக்கும் பாவம்? கையில சிக்குனத. ஹோல்டாஃப 20 மைக்ரோசெகண்டு வையி. ஒருக்க புடிச்சா, துடிப்பு தாண்டுத வரைக்கும் கம்முனு கெடக்கும்.

'எல்லாப் பெட்டிக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் குடுத்துட்டேன், சிங்க் ஆயிருச்சு'ன்னு நெஞ்ச நிமித்துன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. அது வெறும் தாளம்லே. எல்லாரும் ஒரே வேகத்துல தட்டுவான், அம்புட்டுதான். பாட்ட எந்தத் தட்டுல எடுக்கணும்னு சொல்லுதது டிரிக்கரு. 1947-லயே டெக்ட்ரானிக்ஸ்காரன் 511-ன்னு ஒரு ஸ்கோப்புல டிரிக்கர் வச்சு வித்தான். உனக்கு இன்னும் சேதி வரல போல.

சரி, டிரிக்கரும் குடுத்திருக்க. எப்படி? ஜெனரேட்டர்ல ஒரு டி கனெக்டரு, அதுல இருந்து ரெண்டு பெட்டிக்கு. ரெண்டுலயும் உள்ளீடு 50 ஓம். சேந்தா 25. ஜெனரேட்டருக்குள்ள ஒரு 50 இருக்கு. சும்மா நின்னா 5 வோல்ட் தாரது, இப்ப 1.67-தான் தரும். டிடிஎல்லுக்கு 2 வோல்ட் வேணும். கதவ நகத்தால சொரண்டுனா எவன்லே வந்து தொறப்பான்? இதுல ஒரு கேபிளு 1 மீட்டரு, இன்னொண்ணு 3 மீட்டரு. மீட்டருக்கு 5 நானோசெகண்டு வச்சுக்கோ. ரெண்டு பெட்டிக்கும் 10 நானோசெகண்டு வித்தியாசம். துடிப்போட ஏறுமுகத்த அளக்கும்போது அது பூதமா நிக்கும்.

அந்த டிய மொதல்ல கழட்டு. பெட்டிக்கொரு வெளியீடு இருக்குத டிரிக்கர் பங்கீட்டுப் பெட்டி அலமாரி மேல்தட்டுல தூசி அடிச்சுக் கெடக்கு, ஒரே நீளத்துல ரெண்டு கேபிளும் அங்கனதான் தொங்குது. நான் சுருட்டி வச்சதுதான்.